நான்கு வாக்குச்சீட்டும் ஒரு கதவு எண்ணும்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் ஊராட்சித் தேர்தலும் குடியிருப்புக் கொள்கையும்

1. ஆய்வுப் பொருள்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாட்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. வாக்குச்சாவடிக்குள் போன ஒவ்வொருவர் கையிலும் நான்கு சீட்டு: ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள். முதல் இரண்டில் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, சீப்பு, ஆட்டோ என்று ஆணையம் ஒதுக்கும் பொதுச் சின்னங்கள்தான். அடுத்த இரண்டில் கட்சிகள் நேராகவே மோதிக்கொள்ளும்.

தெருத்தெருவாக வந்த வேட்பாளர்கள் சொன்னவற்றில் பெரும்பகுதி வீட்டைச் சுற்றியதே. தொகுப்பு வீடு வாங்கித் தருகிறேன், பட்டாவுக்கு ஏற்பாடு செய்கிறேன், புது நகருக்குத் தெருவிளக்கு போடுகிறேன், தண்ணி கனெக்‌ஷன் தருகிறேன். தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்திலும் கேட்கக்கூடிய பேச்சு இது. ஆனால் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால் வழியாக ஒரகடம் வரை நீளும் தொழிற்பேட்டைப் பட்டையில் இதற்கு வேறு பொருள் உண்டு. இங்கே ஒரு குழி நிலம் எதற்குப் பயன்படும் என்பதைத் தீர்மானிப்பது சிப்காட்டும், நகர் ஊரமைப்பு இயக்ககமும், வருவாய்த் துறையும். வாடகை வீடுகளில் நெருக்கியடித்துக் கிடப்பவர்களோ பெரும்பாலும் அந்த ஊர் வாக்காளர் பட்டியலிலேயே இல்லாதவர்கள். வீட்டை முன்வைத்து நடந்த தேர்தலில் வீட்டுக்கு அடியில் உள்ள நிலமும், வீட்டுக்குள் குடியிருக்கும் ஆளும் எப்படி விடுபட்டுப்போனார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. யார் எத்தனை இடம் பிடித்தார்கள் என்பது இதற்கு வேண்டாத கணக்கு.

2. எந்தச் சீட்டில் எவ்வளவு அதிகாரம்?

அரசியல் சாசனத்தின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. அதோடு சேர்ந்த 11-ஆவது அட்டவணை ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களைச் சொல்கிறது. அதில் ஊரக வீட்டுவசதி இருக்கிறது. நிலப்பயன்பாட்டுத் திட்டமிடல் என்ற சொல் அதில் இல்லை. நகரமைப்பு, நகராட்சிகளுக்கான 12-ஆவது அட்டவணையின் முதல் வரியாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. கிராமம் கிராமமாகவே இருக்கும், அங்கே திட்டமிட என்ன இருக்கிறது என்ற நினைப்பு அந்தப் பிரிவினையிலேயே தெரிகிறது. 1993-இல் அது நியாயமாகக்கூடப் பட்டிருக்கலாம். மூன்றே ஆண்டில், 1996-இல், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டினார்கள்.

1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் மூன்று அடுக்கை ஏற்படுத்தியது. கீழ் அடுக்குக்கு வீட்டு வரி வசூல், குடிநீர், தெருவிளக்கு, கட்டட அனுமதி. தொழிற்சாலை கட்டவும் இயந்திரம் நிறுவவும் அனுமதி கேட்டு வர வேண்டிய இடமும் சட்டப்படி ஊராட்சிதான். காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அதனால்தான் தலைவர் தேர்தல் முடிந்த மறுவாரமே துணைத்தலைவர் பதவிக்கு அவ்வளவு அடிதடி. நடு அடுக்கான ஒன்றியம் சுமார் 5,000 பேருக்கு ஒரு கவுன்சிலர் என்ற கணக்கு. மேல் அடுக்கான மாவட்ட ஊராட்சி சுமார் 50,000 பேருக்கு ஓர் உறுப்பினர்.

மஞ்சள் சீட்டில் ஜெயிக்கும் இந்த மாவட்ட உறுப்பினரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இங்கிலாந்தில் மாவட்ட மன்றத் தேர்தல் என்றால் எந்த வயலில் எத்தனை வீடு கட்டலாம் என்பதே பிரச்சாரத்தின் நடு விஷயமாகிவிடும். 1947-இல் வந்த நகர், ஊரமைப்புச் சட்டம் திட்ட அனுமதியை அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களிடம் கொடுத்தது. மன்ற உறுப்பினர் குழுவாக உட்கார்ந்து கை தூக்கினால் ஒரு குடியிருப்பு வரும், தூக்காவிட்டால் வராது. அங்கும் மேல்முறையீடு, மத்திய அரசின் தலையீடு எல்லாம் உண்டுதான். ஆனாலும் வாக்காளர் யாரிடம் சண்டை போட வேண்டும் என்பது தெரியும். நம் மாவட்ட ஊராட்சிக்கு அப்படி ஒரு மனைப்பிரிவை ஏற்கவோ மறுக்கவோ அதிகாரம் இல்லை. வரி விதிக்கும் வசதியும் இல்லை. சாசனத்தின் 243 இசட்டி பிரிவு சொல்லும் மாவட்டத் திட்டக் குழுவுக்குத் தமிழ்நாட்டில் மாவட்ட ஊராட்சித் தலைவர்தான் தலைவர், ஆட்சியர் துணைத்தலைவர். ஏட்டில் இது பெரிய நாற்காலி. ஆனால் அந்தக் குழு தொகுக்கும் வரைவுத் திட்டம் எந்தப் புல எண்ணையும் தொழிற்பேட்டையாகவோ குடியிருப்பாகவோ மாற்றாது. அந்த வேலை 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் நடக்கிறது.

3. ஆளில்லாத ஐந்தாண்டு

2016 அக்டோபர் 17, 19 தேதிகளுக்கு அறிவித்த உள்ளாட்சித் தேர்தலை, பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் அம்மாதம் 4-ஆம் தேதி ரத்து செய்தது. அதே மாதம் பழைய மன்றங்களின் காலமும் முடிந்தது. பிற மாவட்டங்கள் 2019 டிசம்பரில் வாக்களித்தன. காஞ்சிபுரத்தைப் பிரித்து அதே ஆண்டு நவம்பரில்தான் செங்கல்பட்டு மாவட்டம் உருவாகியிருந்தது. வார்டு வரையறை முடியாமல் தேர்தல் கூடாதென்று உச்ச நீதிமன்றம் ஒன்பது மாவட்டங்களை நிறுத்திவைத்ததில் காஞ்சிபுரமும் சேர்ந்தது. ஆக 2016 அக்டோபர் முதல் 2021 அக்டோபர் வரை இங்கே தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. கிராம ஊராட்சிகளைக் கவனிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலரே தம் ஒன்றியத்தின் அத்தனை ஊர்களுக்கும் தனி அலுவலர்.

இந்த ஐந்தாண்டு வெறும் நிர்வாக இடைவெளி அன்று. வீட்டு மனை பற்றிய சட்டம் தலைகீழானதும் இதே காலத்தில்தான். 2016 செப்டம்பர் 9-இல் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன; 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரித்து விற்ற மனைகளுக்கு வழி திறந்தது. எந்த மனைப்பிரிவை ஒழுங்குபடுத்துவது, எதில் வாய்க்கால் அடைபட்டிருக்கிறது, பூங்காவுக்கு விட்ட இடம் பூங்காவாக இருக்கிறதா என்றெல்லாம் ஊர்க்காரர் கேட்க வேண்டிய நேரத்தில், கேட்பதற்குத் தேர்ந்தெடுத்த ஆள் கிடையாது. கிராம சபை கூடியது உண்மை. ஆனால் தீர்மானத்தைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைய, அடுத்த தேர்தலில் ஓட்டு கேட்க வரவேண்டிய ஒருவர் வேண்டும்.

4. கூரை

ஊராட்சித் தேர்தலில் வீட்டுக் கொள்கை என்றாலே பயனாளிப் பட்டியல்தான். கட்சிகள் மாறினாலும் பட்டியல் என்ற வடிவம் மாறவில்லை. 2010-இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் குடிசைகளைக் கணக்கெடுத்துக் கான்கிரீட் கூரை போடப் புறப்பட்டது. 2011-இல் ஆட்சி மாறியதும் 300 சதுர அடி, 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய், சூரிய ஒளி விளக்கு என்று பசுமை வீடு வந்தது. பிரதமர் வீட்டுத் திட்டத்தின் பட்டியல் 2011 சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்தது; அதில் பெயர் விடுபட்டவருக்கு ஊராட்சித் தலைவர் என்ன முயன்றும் எளிதில் வழி பிறக்கவில்லை. 2024–25-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி, 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, மீதி 60-ஐப் பயனாளி விருப்பம்போலப் போட்டுக்கொள்ளலாம். 2030-க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்பது இலக்கு.

இவற்றைக் குறை சொல்வதற்கில்லை. ஒழுகும் ஓலைக்குப் பதில் கான்கிரீட் வந்தால் அது வந்ததுதான். ஆனால் எல்லாத் திட்டத்துக்கும் வாசற்படி ஒன்றே: காலடியில் பட்டா இருக்க வேண்டும். நத்தத்தில் இருப்பவர் பெயர் பட்டியலில் ஏறும். ஏரிப் புறம்போக்கில் இரண்டு தலைமுறையாகக் குடிசை போட்டிருப்பவருக்கு ஏறாது. நீர்நிலையில் பட்டா தருவதில்லை என்பது அரசின் நிலை, 2007-ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டமும் அவரை ஆக்கிரமிப்பாளர் என்றே சொல்லும். நீர்நிலைக்கும் அவருக்கும் நடுவே எது நியாயம் என்பது எளிய கேள்வியில்லை; வேறிடத்தில் மனை தருவதுதான் விடை என்றால், அந்த வேறிடம் இப்போது தொழிற்பேட்டை விலையில் நிற்கிறது.

இந்தச் சிக்கல் கார் தொழிற்சாலைகளோடு வந்ததன்று. ஸ்ரீபெரும்புதூர் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் பொறுப்பு ஆட்சியராயிருந்த ட்ரெமன்ஹீர் 1891-இல் பறையர் சமூகத்தார் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பண்ணையாள் குடியிருக்கும் சேரி மனைக்கும் மிராசுதார் உரிமை கொண்டாடி, எதிர்த்தால் குடிசையைக் காலி செய்யச் சொல்ல முடிந்ததை அதில் விரிவாகக் காட்டினார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1892-இல் பஞ்சமி நிலம் என்று நாம் சொல்லும் நிபந்தனை ஒப்படைப்புகளுக்கு வழி பிறந்தது. உழைப்பவருக்குக் குடியிருக்க மனை இல்லை என்பது இந்த ஜில்லாவின் நூற்று முப்பது ஆண்டுப் புகார். ஓலை கான்கிரீட்டானது, கேள்வி அப்படியே கிடக்கிறது.

5. மனை

ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் வண்ணம் பூசிய மனைக்கல்லும், துணிக்கொடியும், வளைவும் கண்ணில் படும். வளைவுக்குப் பின்னால் செம்மண் சாலை, அதற்குப் பின்னால் சீமைக் கருவேலம். பலகையில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவ்டு என்றிருந்தால் ஒரு விலை. பஞ்சாயத்து அப்ரூவ்டு என்று வாய்மொழியாகச் சொன்னால் வேறு விலை. ஊராட்சித் தலைவர் தனியாக ஒரு மனைப்பிரிவை அங்கீகரிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆனாலும் அவர் கையெழுத்துப் போட்ட வரைபடங்கள் ஆண்டுக்கணக்காகப் பத்திரத்தோடு இணைந்து பதிவாகின. 2016-இன் தடை முதலில் அறைந்தது இந்தக் கையெழுத்தைத்தான்.

முறையான மனைப்பிரிவிலும் ஊராட்சியின் இடம் விசித்திரமானது. அங்கீகாரம் கொடுப்பவர் வேறொருவர். சாலையையும் பூங்கா இடத்தையும் தானப் பத்திரமாக வாங்கிக்கொள்பவர் ஊராட்சித் தலைவர். அன்றுமுதல் தார் போடுவது, கம்பம் நடுவது, குப்பை அள்ளுவது எல்லாம் ஊராட்சியின் தலையில். வீடு கட்டிக் குடிவந்தவர்கள் ‘நகர்’ என்ற பெயரில் ஒரு நலச்சங்கம் தொடங்குவார்கள். பழைய ஊருக்கும் புது நகருக்கும் தண்ணீர்த் தொட்டியில் முதல் சண்டை வரும். தலைவர் தேர்தலில் ‘நகர் ஓட்டு’ என்று தனிக் கணக்கு போடுவது அதற்குப் பிறகுதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வரதராஜபுரத்தை நினைவுகூர்ந்தால் இதன் விலை புரியும். அடையாற்றின் ஓரத்தில் வீடுகளால் நிரம்பிய ஒரு கிராம ஊராட்சி அது. ஆறு எங்கே ஓடும் என்று மனை பிரித்தபோது கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, படகு வந்த பிறகு கேட்டார்கள்.

தொழிற்பேட்டை நிலத்தில் ஊராட்சியின் குரல் இன்னும் மெலிவு. 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம் மாநில அரசுக்குத் தனிவழி கொடுத்தது. 2013-இல் மத்திய சட்டம் சமூகத் தாக்க மதிப்பீடும் அதற்கு ஊராட்சியோடு கலந்தாய்வும் வேண்டும் என்றபோது, தமிழ்நாடு தன் சட்டங்களுக்கு விலக்கு ஏற்படுத்திக்கொண்டது. உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் அதைச் செல்லாது என்றது. அரசு அதே ஆண்டு மறுஉயிர்ப்புச் சட்டம் கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றம் அதை 2021 ஜூனில் ஏற்றது. தேர்தல் நடந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து. எந்த மேடையிலாவது இந்தத் தீர்ப்பு பேசுபொருளாகியிருந்தால் எனக்கு வியப்பாக இருந்திருக்கும். பேசினாலும் தலைவர் வேட்பாளரால் செய்யக்கூடியது எதுவுமில்லை.

தேர்தலுக்குப் பின் ஏறத்தாழ ஓராண்டுக்குள் இரண்டு அறிவிப்புகள் வந்தன. 2022 ஆகஸ்டில் பரந்தூர் விமான நிலையம். அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்த அரசாணை. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலடி நிலம் பற்றி இவற்றைவிடப் பெரிய முடிவு வேறு இருக்க முடியாது. இரண்டுமே மேலிருந்து வந்தவை. நிலம் இழக்கவிருக்கும் ஊர்களில் ஒன்றான ஏகனாபுரத்தின் கிராம சபை விமான நிலையத்துக்கு எதிராகத் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டது. 2024 நாடாளுமன்றத் தேர்தலை அந்த ஊர் புறக்கணித்தது. கிராம சபைத் தீர்மானம் நில எடுப்பைக் கட்டுப்படுத்தாது என்பது ஊருக்குத் தெரியாமல் இல்லை. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் அந்தச் சபையில் பதிவேட்டில் ஏற்றிவைப்பது ஒன்றே தங்கள் பெயரில் இருக்கும் அதிகாரம் என்று அவர்கள் கண்டுகொண்டதாகவே நான் வாசிக்கிறேன்.

கட்டட அனுமதி என்ற சின்ன அதிகாரமும் இப்போது இடம் மாறுகிறது. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர் இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். தலைவர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை. அங்கே கைமாறியதெல்லாம் ஊரறிந்தது. கூடவே, ஊரில் என்ன கட்டுகிறார்கள் என்று ஊராட்சி முன்கூட்டி அறிந்துகொள்ள இருந்த சின்னச் சன்னலும் சாத்திக்கொள்கிறது.

6. வாடகை

2010-இல் ரெனோ-நிசான், 2012-இல் டைம்லர், அதையடுத்து ராயல் என்ஃபீல்டு என்று ஒரகடம் நிரம்பியபோது ஆலைகளுக்கு மனை ஒதுக்கியவர்கள் ஆட்களுக்கு ஒதுக்கவில்லை. அந்த வேலையை ஊர்க்காரர் எடுத்துக்கொண்டனர். நிலம் கொடுத்து வந்த பணத்தில் மிச்சமிருந்த கொல்லையில் லைன் வீடு கட்டினார்கள். சீனாவின் ஷென்ஷென் நகரத் தொழிற்பேட்டைகளின் நடுவே சிக்கிய கிராமங்களிலும் இதேதான் நடந்தது: வயலை இழந்தவர் வீட்டுக்காரர் ஆனார், சன்னல் வழியே கைகுலுக்கும் நெருக்கத்தில் கட்டடங்கள் எழுந்தன.

லைன் வீடு என்பது இப்படி: நடுவில் நான்கடி நடை, இருபுறமும் ஐந்தைந்து அறை, மேலே சிமெண்டு ஷீட், கோடியில் இரண்டு கழிப்பறை. அறைக்கு நான்கைந்து பேர், ஷிப்டு மாறித் தூங்குவார்கள். ஏ ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் சி ஷிப்டுக்காரன் படுப்பான். மொத்த வரிசைக்கும் ஒரே மின் மீட்டர். அரசு வீட்டுக்கு 100 யூனிட் இலவசம் தருகிறது. அந்த நூறு வீட்டுக்காரருக்குப் போகும். குடியிருப்பவர் யூனிட்டுக்கு அவர் சொல்லும் விலையைக் கொடுப்பார்.

பெண் தொழிலாளர்களுக்கு இதன் மறுவடிவம் ஒப்பந்த விடுதி. 2021 டிசம்பரில், தேர்தல் முடிந்து இரண்டே மாதத்தில், பூந்தமல்லிப் பக்கத்துத் தனியார் விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். சென்னை–பெங்களூர் தேசிய நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். ஆலை மூடி ஜனவரி 12-இல்தான் திறந்தது. விடுதி திருவள்ளூர் மாவட்டம், ஆலை காஞ்சிபுரம் மாவட்டம், அந்தப் பெண்களின் ஓட்டு அவரவர் சொந்த ஊரில். மகளிர் விடுதிகளுக்கு உரிமம் தருவது 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர். எந்த ஊராட்சித் தலைவரிடம் போய் அவர்கள் முறையிட்டிருக்க முடியும்? நெடுஞ்சாலைதான் அவர்களுக்குக் கிடைத்த கிராம சபை.

அரசு இதற்குக் கொடுத்த பதில் பெரியது. வல்லம் வடகாலில் சிப்காட் 20 ஏக்கரில் 706 கோடியே 50 லட்சம் ரூபாயில் கட்டிய குடியிருப்பு வளாகம் 2024 ஆகஸ்ட் 17-இல் திறக்கப்பட்டது. 13 கட்டடம், ஒவ்வொன்றிலும் 240 அறை, அறைக்கு 6 பேர். மொத்தம் 18,720 பெண்கள். ஹூண்டாய் அடிக்கல்லுக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டு என்பதை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாம். 5,000 பேருக்கு ஓர் ஒன்றியக் கவுன்சிலர் என்றால் இந்த ஒரு வளாகம் நிறையும்போது கிட்டத்தட்ட நான்கு கவுன்சிலர் அளவு மக்கள். 2021 வார்டு வரையறை 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்துச் செய்தது. அன்று அந்த இடத்தில் ஓர் ஆள் இல்லை.

7. கதவு எண்

சட்டம் இவர்களைத் தடுக்கவில்லை. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, சாதாரணமாகக் குடியிருக்கும் இடத்தில் பெயர் சேர்க்கச் சொல்கிறது. முகவரி மாறினால் படிவம் 8. சட்டமன்றப் பட்டியலை வைத்துத்தான் ஊராட்சிப் பட்டியலும் தயாராகிறது. ஆனால் ஓட்டை மாற்றினால் ஊரில் ரேஷன் அட்டைக்கு ஆபத்து என்ற பயம், ஒப்பந்தம் பதினொரு மாதத்தில் முடிந்துவிடும் என்ற நிச்சயம், ஒடிசாவிலிருந்தோ பிகாரிலிருந்தோ வந்தவருக்குப் படிவமே புரியாத மொழியில். இவையெல்லாம் சேர்ந்து அந்தப் பிரிவை ஏட்டிலேயே நிறுத்துகின்றன. உள்ளூர் வேட்பாளருக்கும் இதில் அக்கறை கிடையாது. அவருக்கு ஓட்டுப் போடும் வீட்டுக்காரர்தான் லைன் வீட்டுக்கும் சொந்தக்காரர். வாடகைக்காரனுக்காகக் கழிப்பறை எண்ணிக்கையையோ மீட்டரையோ பேசினால் நாலு ஓட்டு போகும், ஒன்றும் வராது.

ஸ்ரீபெரும்புதூர் பேரூராட்சியாக இருந்து நகராட்சி ஆகியிருக்கிறது. சுற்றுவட்ட ஊராட்சிகளை நகர்ப்புறத்தோடு இணைப்பது என்ற பேச்சு எழும்போதெல்லாம் எதிர்ப்பும் எழுகிறது: நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறிவிடும். இரண்டும் உண்மையான பயம். ஆனால் அந்த எதிர்ப்பிலும் பேசுபவர் மண்ணின் வாக்காளரே. ஊர் கிராமமாக இருக்கட்டுமா நகரமாகட்டுமா என்று லைன் வீட்டு அறைவாசியை யாரும் கேட்பதில்லை.

2021-இல் தேர்ந்தெடுத்த மன்றங்களின் ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு முடிகிறது. அடுத்த பட்டியலுக்கு வீடு வீடாகச் சரிபார்க்க வருபவர் கையில் கதவு எண் வரிசை இருக்கும். வீட்டு வரியைக் குறைக்க, பத்து அறை கொண்ட லைனை ஒரே வீடாகக் காட்டி ஒரே ரசீது வாங்கி வைத்திருப்பது பல ஊர்களில் வழக்கம். அலுவலர் முன்வாசலில் நின்று அந்த ஒரு எண்ணைக் குறித்துக்கொள்வார். வீட்டுக்காரர் குடும்பத்தில் நான்கு பெயர், சரி என்று டிக் அடிப்பார். பின்பக்கத்து நடையில் பத்துப் பூட்டு தொங்கும், எல்லோரும் ஏ ஷிப்டு.